சிவப்பு வயரில் இருந்த பியூஸ்

அன்று காரைச் சுற்றி நின்றவர்கள்: என் அண்ணன். நான். என் மனைவி. அண்ணனின் மகள், எட்டு வயது. தோட்டத்தின் மேல் கணக்கிலிருந்து, அதாவது மேல் பிரிவிலிருந்து, வந்த ஒருவர். அவருடைய தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம். லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு இல்லாததால் வந்து நின்றவர்கள். அண்ணி இல்லை. அண்ணி குவைத்தில் இருந்தார்.

செட் அண்ணி அனுப்பியது. காரில் வைக்கிற பாட்டு செட், கேசட் போடுவது, ரேடியோவும் எடுக்கும். கூடவே ரெண்டு ஸ்பீக்கர். குவைத்தில் அவரோடு பழகிய ராகலைப் பொம்பளை ஒருத்தி ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தாள். அண்ணன் பஸ் ஏறி ராகலைக்குப் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டியோடு ஒரு கடிதமும் இருந்தது. அண்ணனுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் வீட்டில் கடிதம் படிப்பதும் எழுதுவதும் நான்தான்.

அண்ணி எழுதியிருந்தது இதுதான். தை மாதக் கல்யாணங்களுக்குக் கார் ஓடினால் அவர் இந்த முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டார், வீட்டுக்கு வந்துவிடுவார். ஓடாவிட்டால் இன்னும் ரெண்டு வருடம். மாசி முடிவதற்குள் பதில் வேண்டும். அவர் போய் அப்போதே நாலு வருடம். போகும்போது பிள்ளைக்கு நாலு வயது. என் மனைவியிடம் விட்டுப் போனார். பிள்ளை என் மனைவியை முதலில் சித்தி என்று கூப்பிட்டது. பிறகு அம்மா என்று கூப்பிட்டது. என் மனைவி திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டாள்.

அண்ணன் தோட்டத்து லொறி ஓட்டியவர். தோட்டம் கம்பனிக்குப் போனபோது லொறியை விற்றார்கள். ஓட்டியவரையும் நிறுத்தினார்கள். கையில் வந்ததை வைத்துப் பெரியகிளாக்கரின் காரை வாங்கினார். இங்கிலீஷ்காரன் காலத்துச் சாம்பல் நிறக் கார். கதவை மூடினால் பெட்டகம் மூடுகிற மாதிரிச் சத்தம் வரும். பெரியகிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். வேலை முடிந்து கொழும்புக்குப் போகிறவர். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்.

"தம்பி, பெட்டரியைக் கழட்டினா இருந்த மாதிரியே திருப்பி வையுங்கோ. வயரை மாத்திப் போட்டிடாதேங்கோ."

அண்ணன் தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. பெரியகிளாக்கரிடம் ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

முதல் ரெண்டு வருடம் ஹயர் கிடைத்தது. பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரயிலுக்கு, கோயிலுக்கு. பிறகு பஜாரில் வேன்கள் வந்தன. வேனில் கலர் பல்பு, பாட்டு செட். கல்யாண வீட்டுக்காரர்கள் வேனுக்குப் போனார்கள். அதில் தப்பு இல்லை. கல்யாண வண்டி தோட்டத்து ரோட்டில் மெதுவாகப் போகும். பாட்டுச் சத்தம் கேட்டுத்தான் ஒவ்வொரு லயத்திலும் ஆட்கள் வெளியே வந்து பொண்ணைப் பார்ப்பார்கள். சத்தம் இல்லாமல் போனால் யாருக்கும் தெரியாது. பொண்ணைப் பெற்றவர்களுக்கு அது பெரிய குறை.

அண்ணனின் காரில் பாட்டு இல்லை. அதனால் அண்ணி குவைத்தில் இருந்தார். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான்.

செட்டை மாட்டச் சொல்லி அண்ணன் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அப்போது லயங்களுக்குக் கரண்ட் வரவில்லை. டிவி வைத்திருந்தவர்கள் கார் பெட்டரியில்தான் பார்த்தார்கள். பெட்டரி இறங்கினால் தோளில் வைத்து பஜாருக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவார்கள். டிவியைப் பெட்டரியில் கொடுப்பது, அதாவது வயர் மாட்டிவிடுவது, என் வேலை. ரெண்டு கிளிப். சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். மாறினால் டிவி போய்விடும். என் கையில் ஒரு டிவியும் போனதில்லை. நான் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிறவன். ஆனால் மூன்று லயத்திலும் என்னை வயர்காரன் என்றுதான் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

கார் வேறு என்று எனக்குத் தெரியாது.

செட்டுப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. ஒரு பக்கம் அரபு, ஒரு பக்கம் இங்கிலீஷ். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் இங்கிலீஷ் படிப்பார். சனி ஞாயிறு அவர் ஊரில் இல்லை, திங்கள் காலை பஸ்ஸில்தான் வருவார்.

"நாளைக்கு வாத்தியார்கிட்ட காட்டிட்டு மாட்டுவமாண்ணே?" என்று கேட்டேன்.

"நாளைக்கு அந்த மேல் கணக்குக்காரரு வேனுக்குச் சொல்லிருவாரு" என்றார் அண்ணன். "இன்னைக்குப் பாக்கத்தான் வர்றாரு. நீ டிவிக்கு குடுக்கிறவன்தானே."

சனிக்கிழமையே எங்கள் லயத்து அறையில், காம்பராவில், செட்டை டிவி பெட்டரியில் கொடுத்துப் பார்த்திருந்தேன். சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். பாடியது. பக்கத்துக் காம்பராவில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையோடு எழுந்து வந்து வாசலில் நின்றாள். அதனால் எனக்குத் தைரியம் இருந்தது.

ஞாயிறு காலை தொடங்கினேன். ஸ்டீரிங் பக்கத்தில் ரேடியோ வைப்பதற்கு இடம் விட்டு ஒரு தகடு போட்டு மூடியிருந்தார்கள். தகட்டைக் கழற்றினேன். சுற்றிலும் இரும்பு. பின் பலகையை அறுத்து ஸ்பீக்கர் ரெண்டையும் வைத்தேன். செட்டுக்கு ரெண்டு வயரைப் பெட்டரியிலிருந்தே நேராக இழுத்தேன், டிவிக்கு இழுப்பது போல. சிவப்பு வயரில் ஒரு பியூஸ் வைத்தேன். ஏதாவது நடந்தால் பியூஸ் போகும், செட் தப்பும். அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டரியில் வயரை முடுக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். பெட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு தடித்த கேபிள் போய்க் காரின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. தோட்டத்து லொறியில் உடம்புக்குப் போவது மைனஸ் என்று ஒரு தடவை பார்த்த ஞாபகம். சரியாக ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். லயத்து ஆட்கள் நின்றார்கள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பானட்டை மூடினேன்.

மூன்றரை மணிக்கு அந்த மேல் கணக்குக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, மேலே கம்பளிச் சட்டை. கையில் ஒரு பை. பைக்குள் வெத்திலை, பாக்கு, பழம் தெரிந்தது. ஹயர் முடிவானால் வெத்திலையைக் கையில் கொடுப்பது வழக்கம். கொடுத்துவிட்டால் பிறகு பேச்சு மாறாது. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"டிரைவர் தம்பி, காரு பாடுமா, இல்ல நீங்க பாடிக்கிட்டே ஓட்டுவீங்களா?"

லயத்து ஆட்கள் சிரித்தார்கள்.

"ரெண்டும் நடக்கும்ணே" என்றார் அண்ணன். "காரு பாட்டுக்குக் காசு இல்ல. என் பாட்டுக்குத் தனி."

"ஒங்க பாட்டு கேட்டா பொண்ணு எறங்கி ஓடிரும்பா."

"மாப்பிள்ளையப் பாத்து ஓடாம இருந்தா சரி" என்று கூட்டத்தில் ஒரு பொம்பளை சொன்னாள். மேல் கணக்குக்காரரும் சிரித்துவிட்டார். அண்ணன் அப்படிப் பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

முன்சீட்டில் துவாயை மடித்துப் போட்டு அதன்மேல் செட்டை வைத்தேன். வயர்களைக் கொடுத்தேன். அண்ணன் மகள் கேசட்டைப் போட்டாள். பாடியது. பழைய காரின் உள்ளே சத்தம் நன்றாக நின்றது, வேனை விட நன்றாக. பிள்ளை முன்சீட்டில் ஏறிச் செட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு பிள்ள, சித்தப்பா வேல செய்யட்டும்" என்றாள் என் மனைவி.

"மாட்டேன். இது எங்கம்மா அனுப்புன பொட்டி."

அம்மா என்று அவள் அண்ணியைச் சொல்லி நான் கேட்டது குறைவு. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேல் கணக்குக்காரர் கதவில் கை வைத்துத் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "சரி தம்பி. எனக்குச் சம்மதம். உள்ள வச்சு மாட்டிட்டு ஒருக்கா பாட விடுங்க. வெத்திலைய மாத்திக்கிருவோம். நாலரைக்கு ராவு காலம் பொறந்துரும், அதுக்கு முன்னுக்கு."

நாலு மணி தாண்டியிருந்தது. பிள்ளையை இறக்கினேன். பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டாம், பாடினபடியே உள்ளே போகட்டும், அதுதான் நல்லது என்றார் அண்ணன். துவாயிலிருந்து செட்டைத் தூக்கி அந்த இரும்பு ஓட்டைக்குள் தள்ளினேன்.

பாட்டு நின்றது. உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம் அடித்தது. கருப்பு வயர் சிவந்து, மேல் தோல் உருகிப் புகையானது. நான் செட்டை இழுத்தேன், வரவில்லை. வயரைக் கையால் பிடித்தேன். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் பானட்டைத் திறந்து குறட்டால் பெட்டரிக் கேபிளை அடித்துக் கழற்றினார். அதற்குள் காருக்குள் புகை நிறைந்து நாலு கதவாலும் வெளியே வந்தது. ரப்பர் எரிந்த வாடை. பிள்ளை அழவில்லை. என் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பியூஸை எடுத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

மேல் கணக்குக்காரர் பையை மறு கைக்கு மாற்றினார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்றார். "ஒங்க மேல கொற இல்ல. மங்கள காரியம். வெத்திலை மாத்துற நேரத்துல கரிஞ்ச வாடை. வீட்டுல பொம்பளைங்க கேட்டா நான் என்ன சொல்ல?"

"செட்டு இல்லாம ஓட்டித் தர்றேன்ணே. வாடை போயிரும்."

"வாடை போயிரும் தம்பி."

அவர் நாலரைக்கு முன்பே புறப்பட்டுவிட்டார். வெத்திலை பையிலேயே போனது.

ஆட்கள் கலைந்தார்கள். அண்ணன் என் கையைப் புரட்டிப் பார்த்தார். "தேங்காயெண்ணெ போடு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

மறுநாள் பெட்டரிக் கேபிளைத் திரும்ப மாட்டி, செட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அதே காரில் ஹட்டன் பஜாருக்குப் போனோம். அங்கே ஒரு சிங்கள பாஸ், மெக்கானிக், கராஜ் வைத்திருந்தார். யுத்த காலம் என்பதால் பஜாருக்கு முன்னால் சோதனைச் சாவடி. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்போம். பொலிஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். ஸ்டீரிங்குக்குக் கீழே வயர் தொங்கிக்கொண்டிருந்தது. பின் பலகையிலும் வயர்.

"மே மொனவாத?" என்றார். இது என்ன என்கிறார்.

பாட்டு செட் என்று அண்ணன் சிங்களத்தில் சொன்னார்.

"கோ, தாலா பென்னன்ன." எங்கே, போட்டுக் காட்டு.

பாடாது, எரிந்துவிட்டது என்று நான் சொன்னேன். எரிந்ததா, எப்படி எரிந்தது, ஏன் இத்தனை வயர், கையில் என்ன காயம் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. அவர் நம்பவில்லை. இறக்கி ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். வயர் முழுவதையும் கழற்றச் சொன்னார்கள். கட்டுப் போட்ட கையோடு நானே கழற்றினேன். மாட்ட ஒரு பகல் ஆனது. கழற்றக் கொஞ்ச நேரம்தான் ஆனது. ஸ்பீக்கரையும் கழற்றினோம். பிறகு போகச் சொன்னார்கள். அவரும் வேலையைத்தான் செய்தார்.

பாஸ் செட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பானட்டைத் திறந்து பெட்டரியைப் பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.

"இது பழைய இங்கிலீஷ் காரு நே. இதுக்கு பொடியில, இந்த ஒடம்புல, பிளஸ். இந்த செட்டுக்குப் பொடியில மைனஸ். துவாயில வச்சா பாடும். இரும்புல பட்டா..." கையை விரித்தார். "இவராய்."

முடிந்தது என்று அர்த்தம்.

அவர் சொன்னதை நான் மெதுவாகப் புரிந்துகொண்டேன். செட்டின் தகரக் கூடே மைனஸ். காரின் உடம்பே பிளஸ். நான் கூட்டை உடம்போடு சேர்த்தேன். பெட்டரியின் ரெண்டு தலையையும் ஒரு வயரால் தொட்ட மாதிரி. மின்சாரம் கருப்பு வயர் வழியாகவே ஓடியிருக்கிறது. சிவப்பு வயரில் இருந்த பியூஸ் சும்மா இருந்திருக்கிறது.

"இத மாத்தலாமா பாஸ்?" என்று அண்ணன் கேட்டார்.

"காரையா? அரை மணித்தியாலம். பெட்டரியத் திருப்பி வச்சு, சின்ன வேல கொஞ்சம். முந்தி வந்திருந்தா செட்டும் நானே போட்டுக் குடுத்திருப்பேன்."

"செட்ட?"

பாஸ் தலையை ஆட்டினார். இல்லை என்ற ஆட்டம்.

அந்தத் தாளை நான் பிறகு வாத்தியாரிடம் காட்டினேன். உடம்பில் மைனஸ் உள்ள வண்டிக்கு மட்டும், முதல் வரியே அதுதான் என்றார்.

தை பிறந்தது. கல்யாணங்கள் நடந்தன. புகை வந்த கதை மேல் கணக்குக்கும் கீழ்க் கணக்குக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்விட்டது. பிள்ளைகள் காரைக் கண்டால் "புகைக் காரு, புகைக் காரு" என்று கூவினார்கள். கல்யாணத்துக்கு யாரும் கேட்கவில்லை. கினிகத்தேனையில் ஒரு வீட்டில் கேட்டதாக அண்ணன் நம்பிக்கையோடு போனார். அவர்கள் கேட்டது சாமான் ஏற்ற. இழவுக்குக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் கொண்டுவர அந்தக் கார்தான் போகும். அதற்குப் பாட்டு வேண்டாம். அண்ணன் மறுக்கவில்லை. ஆனால் பிணம் ஏறிய காரில் பிறகு பொண்ணு ஏறாது. அது அவருக்கும் தெரியும்.

மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தார்.

"எழுதுடா" என்றார்.

தாள் எடுத்தேன். கை ஆறியிருந்தது, பேனா பிடிக்க முடிந்தது.

"ஹயர் கம்மின்னு எழுது. வேன் நெறைய வந்துருச்சுன்னு எழுது. இன்னும் ரெண்டு வருசம் போட்டுட்டு வரச் சொல்லு."

எழுதினேன்.

"செட்டு நல்லா பாடுதுன்னு எழுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எரிஞ்சதுன்னு எழுதுனா அவளுக்கு அது வேற கவல" என்றார். "நாலு வருசம் வேல செஞ்சு ஒரு சாமான் அனுப்பிருக்கா. அது பாடுதுன்னாவது இருக்கட்டும்."

"நான் எரிச்சேன்னு எழுதிர்றேண்ணே."

"யாரு கேட்டா? சொன்னத எழுது."

எழுதினேன். செட் நன்றாகப் பாடுகிறது. என் கையெழுத்தில்தான் இருந்தது. கீழே அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

அண்ணியின் பதில் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதியிருந்தார். செட் பாடுவது சந்தோசம் என்றும் எழுதியிருந்தார். குவைத்திலிருந்து ஊருக்கு வந்த இன்னொருத்தியின் கையில் கேசட் மூன்று கொடுத்து விட்டிருந்தார். அண்ணன் அதைப் பிரிக்கவில்லை. அலமாரியில் வைத்தார். என் மனைவி தூசி தட்டும்போது எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள்.

ரெண்டு வருடம் கழித்து அண்ணி லீவில் வந்தார். அப்போது கார் இல்லை. இரும்புக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பிள்ளை அண்ணியிடம் போகவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றாள். அண்ணி கொண்டுவந்த சட்டையைப் போட்டுப் பார்த்தாள், அளவு சின்னதாக இருந்தது. ராத்திரிச் சோறு தின்னும்போது அண்ணி கேட்டார்.

"காரக் குடுத்தது சரி. செட்டக் கழட்டி வச்சிருக்கலாமே. வீட்டுல கேட்டிருப்போம்ல."

"காரோட சேத்துத்தான் கேட்டான்" என்றார் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லக் கூடாதா தம்பி? நீங்கதானே மாட்டுனீங்க."

"ஆமாங்கண்ணி" என்றேன்.

ஒரு மாத லீவில் நாள் முடிய நாலு நாள் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். வேனில் போனார். வேனில் பாட்டு போட்டிருந்தார்கள். அதன் பிறகு ரெண்டு ரெண்டு வருடமாகப் போட்டுக்கொண்டே போனார். பிள்ளை வயதுக்கு வந்தபோது அவர் இல்லை. பரீட்சை எழுதியபோது இல்லை. பிள்ளைக்குக் கல்யாணம் பேசியபோது போனில் சம்மதம் சொன்னார். அண்ணன் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவருக்குச் சொல்லத்தான் முடிந்தது, அவரால் வர முடியவில்லை. அண்ணன் பிழைக்கவில்லை. காரியம் முடிந்து எட்டாம் நாள் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு போகவில்லை.

இப்போது அண்ணன் இல்லை, அதனால் எழுதுகிறேன். அண்ணி பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியும்.

அண்ணன் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்துக்குப் பிறகு அண்ணி அங்கே இருந்தது பதினோரு வருடம்.